கிரேன் ஐயர் வீட்டுப் பையன்

1

சென்ற வாரம் எனக்குப் பஹ்ரைனில் பதினோரு வருடம் நிறைந்தது. அதற்குக் கொண்டாட்டம் மாதிரி, அடையாள அட்டையைப் புதுப்பிக்கும் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கவுன்டரில் இருந்த இளம்பெண் மிகவும் மரியாதையானவர். பெயரைக் கேட்டார். ஆறுமுகம் என்றேன். அப்பா பெயர் பழனியப்பன். தாத்தா பெயர் சின்னசாமி. அதுவரை மூன்று பேரும் கட்டங்களில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டார்கள்.

"அவருடைய அப்பா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"குடும்பப் பெயர்?"

"அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது."

"குடும்பப் பெயர் மாஃபி?" என்றார். மாஃபி என்றால் இல்லை. அவர் குரலில் கோபம் இல்லை. அனாதை ஆசிரமத்துப் பிள்ளையிடம் பேசுகிற பரிவு இருந்தது. ஏழு தலைமுறையை ஒரே மூச்சில் சொல்கிறவர்களின் ஊரில், கொள்ளுத்தாத்தாவைத் தொலைத்துவிட்டு ஒருவன் சிரித்துக்கொண்டே நின்றால் பரிதாபப்படத்தானே செய்வார்கள். கடைசியில் அப்பா பெயரையே இன்னொரு தடவை எழுதிக் கட்டத்தை நிரப்பினார். இப்போது நான் ஆறுமுகம் பழனியப்பன் சின்னசாமி பழனியப்பன்.

குதைபியாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு நடந்து வரும்போது மிஸ்டர் டேல் ஞாபகம் வந்தது. கொள்ளுத்தாத்தா ஒருவரைத் தேடுவதற்காக என்னையும், என் மனைவி கலாவையும், மகளையும், திண்டுக்கல்லில் இருக்கும் என் மச்சினனையும் அவர் ஒரு வருடம் படுத்திய பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

2

டேல் கிரேன் எங்கள் புராஜெக்ட் மேனேஜர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்காரர். ஆறடி நான்கு அங்குலம். கட்டுமான சைட்டில் ஒருவருக்குக் கிரேன் என்று பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "கிரேன் வருதுடா, ஓரமா நில்லு" என்று புதுக்கோட்டைக்காரர்கள் சொல்வார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

நான் அங்கே டாக்குமென்ட் கன்ட்ரோலர். வரைபடங்கள் வரும், போகும், எண் போட்டு அடுக்க வேண்டும். "காகிதத்துக்குக் காவல்" என்பாள் கலா. டேல் என்னைப் 'பழனி' என்றுதான் கூப்பிடுவார். அது என் அப்பாவின் பெயர். எங்கள் ஊர் கரூரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் துணிந்தவர்கள் நான்கு பேர் இருந்தால் அதிகம். இங்கே தினம் முப்பது தடவை அவர் பெயருக்கு நான் எழுந்து நிற்பேன்.

ஒரு நாள் காலை வரைபடச் சுருள்களைத் தரையில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் ஆனாலும் எண்ணுவது தமிழில்தான் வரும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிமிர்ந்து பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு டேல் நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதவு சாத்தப்படுவது எங்கள் அலுவலகத்தில் நல்ல சகுனம் அல்ல.

"பழனி, நிறுத்தாதே. மேலே எண்ணு."

"அஞ்சு, ஆறு" என்றேன் பயத்தோடு.

"ஏளா, எட்டா, ஒம்பா, பத்தா" என்று அவர் முடித்தார்.

லேபர் கேம்ப்பில் யாரோ சொல்லிக்கொடுத்து என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ஓஹையோவில் அவருடைய அம்மா கோழிமுட்டைகளை இப்படித்தான் எண்ணுவாராம். அம்மாவுக்கு அவர் மாமனார் சொல்லிக்கொடுத்தது. மாமனாருக்கு அவருடைய அப்பா, ஹென்றி கிரேன் சொல்லிக்கொடுத்தது. சிலந்தி, கரப்பான், வெட்டுக்கிளி எதைக் கண்டாலும் அந்தக் குடும்பத்தில் 'பூச்சி' என்பார்களாம். ஐம்பத்தெட்டு வயது வரை அதை ஆங்கில வார்த்தை என்றே நினைத்திருந்தார் மனிதர்.

"இது எந்த மொழி?" என்று கேட்டார்.

"தமிழ்."

"அது எந்தப் பழங்குடி?"

3

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஹென்றி கிரேன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஹையோவில் சோளம் போட்டு, மாடு வளர்த்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, எழுபது வயதுக்குள் இறந்த விவசாயி. அவர் எங்கே பிறந்தார், யாருக்குப் பிறந்தார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஏழெட்டு வயதில், பெரியப்பா முறை என்று சொல்லப்பட்ட ஒருவரின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். வந்து ஒரு வருடம் வரை வாய் திறக்கவில்லை. ஊமை என்று மாட்டுக் கொட்டகையில் விட்டார்கள். பெரியப்பா வீடு தீப்பிடித்ததில் காகிதங்கள் எல்லாம் போயின. மிச்சம் இருந்தது ஒரு பேச்சு மட்டும்: "தாத்தா இந்தியன்."

அமெரிக்காவில் இந்தியன் என்றால் நாம் அல்ல. அந்த மண்ணின் பூர்வ குடிகள். எனவே டேலின் அக்கா ரூத், இருபது வருடமாகக் கழுத்தில் பாசிமணி போட்டுக்கொண்டு, சர்ச் கூடங்களில் தங்கள் பூர்வகுடி ரத்தத்தைப் பற்றிப் பேசி வந்தார். கொள்ளுத்தாத்தாவின் மௌனம் அந்த இனத்தின் கம்பீரம் என்பது அவர் பேச்சின் உச்சக்கட்டம். டேல் வேறு பாதையில் போனார். பழைய மக்கள்தொகைக் கணக்கில் ஹென்றியின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இண்ட்' என்று எழுதிப் புள்ளி வைத்திருந்தது. அது இண்டியானா மாநிலத்தின் சுருக்கம் என்று எண்ணி, இரண்டு கோடை விடுமுறைகளை இண்டியானாவின் நீதிமன்றப் பதிவேடுகளில் கரைத்திருந்தார். அந்தப் புள்ளிக்கு அப்புறம் இன்னொரு பெருங்கடல் இருக்கும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். கலா அவசரமாகக் கீழே கோல்டு ஸ்டோர் என்கிற மளிகைக் கடைக்கு ஆள் அனுப்பி பிஸ்கட் வாங்கினாள். என் மகள் நந்தினிக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளியில் இரண்டாம் மொழி ஃபிரெஞ்சு. எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அவளுக்குச் சுவாரஸ்யமாக இருக்காது. டேலின் கதையைக் கேட்டதும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தாள்.

"அப்பா, கொள்ளுத்தாத்தான்னா என்ன? கொள்ளு குதிரைக்குப் போடறதுதானே?"

"தாத்தாவோட அப்பாடா கண்ணு."

"நம்ம கொள்ளுத்தாத்தா பேர் என்ன?"

கலா என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட் தட்டை டேல் பக்கம் நகர்த்தினேன்.

நான்கு வாரத்தில் நந்தினி கண்டுபிடித்தாள். ஏதோ ஓர் அமெரிக்க நூலகம் பழைய மிஷனரிப் பட்டியல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. அதில் சாமுவேல் கிரேன், ஓஹையோ, மனைவி மேரி, ஊழியம் செய்த இடம் திண்டுக்கல் அருகே என்று ஒரே ஒரு வரி. கரூரில் என் தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது போனில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு அழுத பெண், டேலின் கொள்ளுத்தாத்தாவுக்காக ராத்திரிச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தாள். நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் கலா நம்ப மாட்டாள்.

4

கலாவின் தம்பி முருகேசன் திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிறான். உதவி என்று கேட்டால் போதும், நாம் கேட்டதைவிட அதிகமாகச் செய்கிறவன். அதுதான் அவனிடம் உள்ள சிக்கல்.

"மாப்ள, கிரேன்னு ஒரு வெள்ளைக்காரப் பாதிரி. நூத்தம்பது வருசம் இருக்கும். ஏதாவது தடயம் இருக்கான்னு மெதுவா விசாரி" என்றேன்.

"மெதுவா எதுக்கு மச்சான்? மூணு நாள் குடுங்க."

மூன்றாம் நாள் ஈமெயிலில் படம் வந்துவிட்டது. புதருக்கு நடுவே சாய்ந்த ஒரு கல்லறை. மேலே சி, ஆர், ஏ என்று மூன்று எழுத்து. அதற்கு அடுத்து கல் உடைந்திருந்தது. கீழ்ப்பாதி மண்ணுக்குள். "கிரேனேதான் மச்சான், சந்தேகமே இல்ல" என்று முருகேசன் எழுதியிருந்தான்.

டேல் அந்தப் படத்தைக் கட்டட வரைபடம் போடும் பெரிய இயந்திரத்தில் அச்சடித்து, ஆளுயரத்துக்குச் சுவரில் ஒட்டினார். சைட் மீட்டிங்குக்கு வந்த ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுத்தான் சிமென்ட் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அக்காவுக்கு எழுதினார். ரூத் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு மாதம் பதில் போடவில்லை. அப்புறம் ஒரே வரி எழுதினார்: "நேரில் பார்க்க வேண்டும்."

ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடும். அப்போது இரண்டு பேரும் திண்டுக்கல் போவது என்று முடிவானது. நான் பொங்கல் லீவில் கலாவையும் நந்தினியையும் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போய் ஏற்பாடு செய்வது. என் வேலையை நீட்டிக்கும் தாள் டேலின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

5

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் முருகேசனோடு அந்தக் கல்லறைக்குப் போனேன். புதரை வெட்டி, மண்வெட்டியால் கீழ்ப்பாதியைத் தோண்டினோம். கல்லின் உடைந்த துண்டு உள்ளே கிடந்தது. ஒட்டிப் பார்த்தேன். கிராஃபோர்டு. நிலம் அளக்கும் இலாகா. அறுபது வயது. மணமாகாதவர்.

முருகேசன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு உடைந்த துண்டைக் காலால் மறுபடி குழிக்குள் தள்ளினான்.

"மூடிருவோம் மச்சான்."

"என்னடா சொல்ற?"

"அவரு என்ன தோண்டியா பாக்கப் போறாரு? அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றாங்க. ஒரு மாலையப் போட்டு அழுதுட்டுப் போகட்டும். உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நிம்மதி. இந்தத் துரைக்கும்தான் யாரு இருக்கா, பாவம்."

அவன் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருந்தது. முருகேசன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். நந்தினிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அப்போ அந்த ஹென்றி பையன் என்ன ஆனான்? ஹீ இஸ் ஸ்டில் லாஸ்ட், அப்பா" என்றாள். தோண்டிய மண்ணை மறுபடி மூடச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

பஹ்ரைனுக்குப் போன் போட்டேன்.

"மிஸ்டர் டேல், அந்தக் கல்லறை உங்களுடையது இல்லை."

"நல்ல செய்திதான் பழனி. ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது" என்றார். நான் சிரிக்காததைக் கவனித்ததும் அவர் குரல் மாறியது. எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைத் தள்ளியதையும் சொன்னேன்.

"ரூத் இன்று காலையில் விமானம் ஏறிவிட்டாள்" என்றார். "எப்படியும் வருகிறோம். வேறு ஏதாவது இருக்கிறதா, பார்."

6

அவர்கள் வர ஐந்து நாள் இருந்தது. நான்கு சர்ச்சுகளில் கிரேன் துரை, கிரேன் பாதிரி என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாவது ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் இருக்கும் பழைய சர்ச். செயலாளர் எஸ்தர் என்ற நாற்பது வயதுப் பெண்மணி. கையில் சாவிக்கொத்து, காதில் பேனா.

"லெட்டர் இல்லாம ரெக்கார்டக் காட்ட முடியாது சார். கமிட்டி கேக்கும்."

"அமெரிக்காவுல இருந்து வர்றாங்கம்மா" என்றான் முருகேசன்.

"போன தடவ அமெரிக்கான்னு சொல்லிட்டு வந்தவங்க ஆர்மோனியத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க."

முருகேசன் பைக்கில் பறந்து போய், தன் கடை லெட்டர்பேடில் விண்ணப்பம் எழுதி, கடை சீல் குத்திக் கொண்டுவந்தான். ஒரு செல்போன் கடை நூற்றைம்பது வருடப் பதிவேட்டைக் கேட்டதைப் பற்றி எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. சீல் இருந்தது, அது போதும். இரும்பு பீரோவைத் திறந்துகொண்டே கேட்டார்: "பேரு என்னன்னு சொன்னீங்க?"

"கிரேன் துரை."

"துரைன்னு தேடுனா எப்படிக் கிடைக்கும்? அந்தக் காலத்துல வெள்ளக்காரப் பாதிரிமார எல்லாம் ஐயருன்னுதான் எழுதுவாங்க. கிரேன் ஐயர்."

"மூணு நாளா தப்பான ஜாதியில தேடியிருக்கோம் மச்சான்" என்றான் முருகேசன்.

பதிவேடு தமிழில் இருந்தது. யாரோ ஓர் உபதேசியார் எழுதியது. பழைய எழுத்து, புள்ளியே இல்லாமல் நெருக்கமாகப் போயிற்று. எஸ்தர் விரல் வைத்து வாசித்தார், நான் பின்னால் நின்று எழுதிக்கொண்டேன். கிரேன் ஐயரவர்கள் மனைவி மேரியம்மாளும் கைக்குழந்தையும் பேதி கண்டு ஒரே வாரத்தில் மரித்தார்கள். அந்த வாரம் மரித்த பதினாறு பேரோடு வளாகத்தின் கீழ்ப்புறம் அடக்கம். கல் இல்லை. சில பக்கம் தள்ளி, ஐந்து வருடம் பிந்திய தேதியில் இன்னொரு குறிப்பு. எஸ்தர் அதை வாசித்துவிட்டு, நான் கேட்காமலே இரண்டாம் தடவையும் வாசித்தார்.

7

டேலும் ரூத்தும் இரண்டு நாள் கழித்து அங்கே வந்தார்கள். ரூத்தம்மாவுக்கு எழுபது வயது. குட்டையாக வெட்டிய நரைமுடி, காலில் விளையாட்டு ஷூ, கழுத்தில் அதே பாசிமணி. காரில் வரும் வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய இருபது வருடச் சொற்பொழிவைக் கெடுத்தவன் நான்தானே. போகும் வழியில் நிலக்கோட்டையில் பெரிய மலர் வளையம் ஒன்று வாங்கினார். சம்பங்கியும் ரோஜாவும். விலை பேசக் கூடாது என்று முருகேசனைத் தடுத்துவிட்டார். அது அவனுக்கு அன்று முழுக்க வருத்தம்.

சர்ச்சில் எஸ்தர் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். நந்தினியும் எங்களோடு வந்திருந்தாள். தமிழில் வாசிக்கச் சொன்னார் டேல். புரியாது என்றேன். பரவாயில்லை, முதலில் அது எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். வாசித்தேன்.

"ஐயரவர்கள் குமாரன் என்றிக்கு வயது ஏழு. சீமைக்குப் போகும்படி பண்டியில் ஏற்றி அனுப்பினது. பிள்ளைக்குத் தமிழ் தவிர வேறு பாஷை வராது. ஆயாள் ஞானம்மாள் மதுரை மட்டுக்கும் பண்டிக்குப் பின்னே நடந்துபோய்த் திரும்பினாள்."

பிறகு, என்றி என்பது ஹென்றிதான் என்பதில் தொடங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். தாய் போன பின்பு தகப்பன் ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போய்விட, ஆயா கையில் வளர்ந்த பிள்ளை. அப்பாவும் இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் ஒரு குறிப்பு இருந்தது. அதையும் சொன்னேன். டேல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு உயரமான மனிதர் முகத்தை மறைப்பது சுலபமில்லை.

ரூத்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியானால் அவர் ஊமை இல்லை."

"இல்லை அம்மா."

"கம்பீரத்தால் பேசாமல் இருந்ததும் இல்லை."

ஒரு வருடம் மாட்டுக் கொட்டகையில் அந்தப் பையன் வாயைத் திறந்து என்ன கேட்டிருந்தாலும் யாருக்கும் விளங்கியிருக்காது. நந்தினி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி என்னைப் பிடித்து நின்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

"அந்த ஆயாவின் பெயரை மறுபடி சொல்லுங்கள்" என்றார் ரூத்தம்மா. ஞானம்மாள் என்றேன். நான்கு முறை சொல்லிப் பார்த்தார். நாலு தடவையும் தப்பாக வந்தது. எஸ்தர் எதிரே உட்கார்ந்து, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டினார். ஐந்தாவது தடவை கிட்டத்தட்ட வந்தது. அதைத் தன் டைரியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.

8

வளாகத்தின் கீழ்ப்புறம் இப்போது பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட். தகரக் கூரை, சிமென்ட் தரை, இருநூறு சைக்கிள். மேரியம்மாளும் கைக்குழந்தையும் மற்றப் பதினாறு பேரும் அதற்குக் கீழே எங்கோ இருந்தார்கள். நான் கூச்சத்தோடு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ரூத்தம்மா இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். தரையில் வைத்தால் மிதிபடும். சுவரில் ஆணி இல்லை. கடைசியில் ஓரமாக நின்ற ஒரு பச்சை சைக்கிளின் கேரியரில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். டேல் தொப்பியைக் கழற்றினார். முருகேசனும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

ஜெபம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்தார்கள். வெள்ளைக்காரர்களைக் கண்டதும் சத்தம் அடங்கி, அவரவர் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் மட்டும் தள்ளி நின்றாள். பச்சை சைக்கிள் அவளுடையது. ரூத்தம்மா கண் திறக்கும் வரை காத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சார், பூவ இங்க எறக்கி வச்சிரவா, இல்ல எடுத்துட்டுப் போகட்டா?"

"என்ன கேட்கிறாள்?" என்றார் ரூத்தம்மா. நான் சொல்வதற்குள் நந்தினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ரூத்தம்மா குனிந்து, வளையம் நழுவாமல் இருக்கக் கேரியரின் கம்பியை இழுத்து அதன்மேல் மாட்டினார். சம்பங்கி இரண்டு உதிர்ந்தது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு ஏறி மிதித்தாள். கேட்டைத் தாண்டி, தேங்காய் லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, பின்னால் பூவோடு ரோட்டில் திரும்பினாள்.

"அவள் எதுவரை போவாள்?" என்று கேட்டார் ரூத்தம்மா.

"பக்கத்து ஊராக இருக்கும் அம்மா. மூன்று மைல், நான்கு மைல்."

சைக்கிள் மறையும் வரை அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம்.